சரித்திரத்தில் நுழைந்த கோர மிருகங்கள்

சரித்திர காலத்து வீரர்கள் வாளும் வேலும் ஏந்தி, மனிதரல்லாத கோர மிருகங்களோடும் பூதங்களோடும் பொருதும் கதைகளைத் திரையில் காட்டும் வழக்கம், சினிமாக் கலையின் வயதோடு ஏறக்குறைய ஒத்த வயதுடையதாயினும், அவ்வகைப் படங்களுக்கென்று கோடிகோடியாகப் பணம் கொட்டப்படுவதும், கொட்டிய பணத்துக்கு ஈடாக ஓர் அனுபவத்தைக்கூடப் பெறாமல் ரசிகர்கள் ஏமாற்றத்தோடு கொட்டகையை விட்டு வெளியேறுவதும் கடந்த முப்பது ஆண்டுகளில்தான் வழக்கமாகிவிட்டன. இந்த ஏமாற்றத்துக்குக் காரணம் கூறுவோர், கதாநாயகன் அந்நிய நாட்டான் என்றும், கணிப்பொறியால் வரைந்த மிருகங்கள் செயற்கையாக இருந்தன என்றும், கதையில் அழுத்தம் போதாதென்றும் பலவாறாகச் சொல்லுகிறார்கள். அவற்றில் ஓரளவு உண்மை உண்டென்றாலும், அவை நோயின் அறிகுறிகளேயன்றி நோயல்ல. ஒரு காலத்தின் கதையில் ஒரு மிருகம் நுழைய வேண்டுமானால், அந்தக் காலத்தின் பாவமோ அச்சமோ ஆசையோ அதற்குப் பிறப்பிடமாக இருக்க வேண்டும். அவ்வாறு பிறக்காத மிருகம் எத்தனை பெரிதாயினும், எத்தனை பற்களைக் காட்டினாலும், அது கதைக்குள் வந்த விருந்தாளியேயன்றிக் கதையின் உறுப்பல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு. இத்துணிபை, எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய சில படங்களையும் அதை நிறைவேற்றிய சில படங்களையும் அருகருகே வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

இத்துறைக்கு மூலக்கதை என்று சொல்லத்தக்கது, பழைய ஆங்கில மொழியில் 3182 அடிகளில் இயன்ற 'பேயோவுல்ஃப்' காவியம். சுமார் 1000ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரே ஒரு சுவடியில் எஞ்சி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இக்காவியத்தை, நெடுங்காலம் பண்டிதர்கள் வட நாட்டுச் சரித்திரச் செய்திகளைத் தோண்டியெடுக்கும் சுரங்கமாகவே பயன்படுத்தி வந்தார்கள்; கிரெண்டல் என்னும் அரக்கனும், அவன் தாயும், நெருப்பைக் கக்கும் நாகமும் அவர்களுக்கு ஒரு சங்கடமாகவே இருந்தன. 1936இல் பிரிட்டிஷ் அகாதெமியில் பேசிய ஜே. ஆர். ஆர். டோல்கீன், அந்த மிருகங்கள் காவியத்தின் ஓரத்தில் ஒட்டியவையல்ல, அதன் மையத்தில் நிற்பவை என்று நிலைநாட்டியது, அக்காவிய விமரிசனத்தின் போக்கையே திருப்பிவிட்டது. அவர் கண்டது எவ்வளவு உண்மை என்பதைக் காவியத்தின் கதையமைப்பே காட்டுகிறது. கிரெண்டல், உடன்பிறந்தானைக் கொன்ற காயீனின் வழியில் வந்தவன்; உறவினரே உறவினரைக் கொல்லும் அந்த அரசவைகளின் பழி அவன் உருவத்தில் நடமாடுகிறது. நாகமோ, புதையலிலிருந்து ஒருவன் ஒரு கிண்ணத்தைத் திருடியதால் விழித்தெழுகிறது. அதைக் கொன்ற முதிய மன்னன் தானும் மாள, காக்க ஆளின்றி நிற்கும் நாட்டு மக்களின் புலம்பலோடு காவியம் முடிகிறது. மிருகம் எதனால் வந்தது, அதைக் கொன்றதால் என்ன விளைந்தது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கிறது. தவமும் வரமும் இல்லாத அசுரனைப் புராணத்தில் கேட்டறியாத நமக்கு, இந்த நியாயம் அந்நியமானதன்று.

திரைப்படத்தின் ஆரம்ப காலத்து மேதைகள் இந்த நியாயத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். 1924இல் ஜெர்மானிய இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'நிபெலுங்கன்' படத்தின் முதற்பாகத்தில், உள்ளே ஆட்கள் அமர்ந்து இயக்கிய பெரிய பொம்மை நாகம் ஒன்று நீர்நிலைக்குத் தண்ணீர் குடிக்க வருகிறது; தன்பாட்டில் வந்த அந்தப் பிராணியைக் கதையின் வீரன் ஸீக்ஃப்ரிட் வலியச் சென்று கொல்லுகிறான். அதன் இரத்தத்தில் நீராடியதால் ஆயுதம் எதுவும் தீண்டாத உடல் பெறுகிறான். ஆனால் தோளில் வந்து விழுந்த ஒரு மரத்தின் இலை மறைத்த இடம் மட்டும் நனையாமல் போக, பின்னாளில் அந்த இடத்தில்தான் ஹாகன் என்பவனின் வேல் பாய்கிறது. இன்றைய கண்ணுக்கு அந்த நாகத்தின் அசைவுகள் விறைப்பாகத் தோன்றலாம். எனினும் அந்தக் கொலை வீரனின் வாழ்வையும் சாவையும் நிர்ணயித்துவிடுவதால், நாகம் கதையின் கணக்கிலிருந்து ஒருபோதும் மறைவதில்லை. பின்னர் வந்த தந்திரக் காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹவுஸன், 'ஜேஸன் அண்ட் தி ஆர்கநாட்ஸ்' (1963) படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதரோடு வாட்போர் புரியும் சில நிமிஷக் காட்சிக்காக, பொம்மைகளை ஒவ்வோர் அசைவாக நகர்த்திப் படமெடுத்து நான்கு மாதங்களுக்கு மேல் உழைத்தார். அந்தக் கைத்திறன் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் மிருகமே தனிக்காட்சியாகி, அதைப் பார்ப்பதற்காகவே ஜனங்கள் வரலாம் என்னும் எண்ணம் தயாரிப்பாளர்கள் மனத்தில் வேரூன்றியதும் இக்காலத்தில்தான்.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, 2016 டிசம்பரில் சீனாவிலும் 2017 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்த 'தி கிரேட் வால்' என்னும் படத்தைப் போல நெஞ்சை வருத்தும் தோல்வி வேறொன்றில்லை. அதை இயக்கியவர் சாமானியரல்லர். 'ரெட் சோர்கம்' என்னும் முதற்படத்திலேயே பெர்லின் விழாவின் தங்கக் கரடிப் பரிசைப் பெற்று, 'ரெய்ஸ் தி ரெட் லான்டர்ன்', 'டு லிவ்' ஆகிய படங்களால் சீனக் குடும்பத்தின் உள்ளறைத் துயரங்களை உலகறியச் செய்து, 'ஹீரோ'வில் வர்ணங்களையே வாதங்களாக மாற்றிக் காட்டி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை ஒரு மகா காவியமாக நடத்திய ஜாங் யிமோதான் அவர். செலவு சுமார் 15 கோடி டாலர். நடித்தவர்கள் மாட் டேமன், பெட்ரோ பாஸ்கல், வில்லெம் டஃபோ, ஜிங் தியன், ஆண்டி லாவ், ஜாங் ஹன்யு முதலியோர். இவ்வளவு திறமையும் திரவியமும் ஒருங்கு சேர்ந்தும் படம் வெறுமையாய் முடிந்ததென்றால், காரணத்தை ஊன்றி ஆராய வேண்டியது நம் கடமை.

கதை இது: சோங் வம்ச காலத்தில், வெடிமருந்தைத் தேடி வரும் வில்லியம், டோவார் என்னும் இரண்டு ஐரோப்பியக் கூலி வீரர்கள் பெருஞ்சுவரில் சிறைப்படுகிறார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வரும் தாவ்தியே என்னும் மிருகக் கூட்டத்தைத் தடுப்பதற்காகவே அச்சுவரில் ஒரு பெரும் படை காத்திருக்கிறது. பண்டை அரசன் ஒருவனின் பேராசைக்குத் தண்டனையாக வானத்திலிருந்து விழுந்த கல்லோடு வந்த அம்மிருகங்கள், தாம் கொன்று தின்றதைத் தங்கள் ராணிக்கு ஊட்டி இனத்தைப் பெருக்குகின்றன. சுவரைக் குடைந்து அவை தலைநகர் பியன்லியாங்கை அடைய, வில்லியமும் பெண் தளபதி லின் மேயும் ராணியைக் கொல்கிறார்கள். அந்தக் கணமே கூட்டம் முழுவதும் சரிந்து விழுகிறது.

இப்படத்தில் மெச்சத்தக்கது எதுவுமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. முதல் முற்றுகைக் காட்சியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயரும் ஒரு நிறமும் கொடுத்திருக்கிறார்கள்: வில்லாளிகள் சிவப்பு, கைகலந்து போரிடுவோர் கறுப்பு, நீலக் கவசம் பூண்ட பெண்கள் நாரைப்படை. முரசுகள் அதிரத் தொடங்கியதும் அப்பெண்கள் சுவரிலிருந்து வெளியே நீண்டிருக்கும் மேடைகளின் நுனிக்கு ஓடி, இடுப்பில் கயிற்றோடு தலைகீழாகப் பாய்ந்து, கீழே மொய்க்கும் மிருகங்களை ஈட்டியால் குத்தி, மீண்டும் கயிற்றின் வலிமையால் மேலே வருகிறார்கள். சில கயிறுகளின் வளையங்கள் வெறுமையாகவே திரும்பி வருகின்றன. ஒரு சொல்லும் பேசாமல், போரின் விலை என்ன என்பதை அந்த வெறும் வளையங்கள் தெரிவித்துவிடுகின்றன. 'ஹீரோ'வை எடுத்த கையின் அடையாளம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் மாண்டதைப் பற்றிப் பிறகு எவரும் பேசுவதுமில்லை. காட்சியின் அழகு காட்சியோடு கழிந்துபோகிறது.

இனி மிருகத்துக்கு வருவோம். தாவ்தியே என்பது ஹாலிவுட் கதாசிரியர்கள் கற்பித்த ஜந்துவன்று. சீனரின் மிகப் பழைய மரபில் பெருந்தீனிக்கும் பேராசைக்கும் உருவாக நின்ற பூதம் அது. ஷாங், ஜோ காலத்து வெண்கல யாகப் பாத்திரங்களின் வயிற்றில், இரு பெருங்கண்களும் வளைந்த கொம்புகளுமாய் நம்மை உற்று நோக்கும் முகத்துக்குப் பிற்காலத்தார் இட்ட பெயரும் அதுவே. அந்தப் பெயரை அந்த முகத்தோடு இணைத்து எழுதி வைத்தவர்கள் சோங் காலத்துப் பழம்பொருள் ஆராய்ச்சியாளர்கள் என்பதுதான் இங்கே மிக முக்கியமான விஷயம். 1092இல் லூ தாலின் தொகுத்த பழம்பொருள் நூலும், அதன் பின் பேரரசர் ஹுய்சோங்கின் ஆணையால் தொகுக்கப்பட்ட வெண்கலப் பாத்திர அட்டவணையும் இதற்குச் சாட்சி. ஓவியரும் கவிஞரும் பெரும் சேகரிப்பாளருமான ஹுய்சோங், தன் அரண்மனையைப் பழம்பொருள்களாலும் அபூர்வமான பாறைகளாலும் நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில், வடக்கு எல்லையில் நடந்து வந்தது வேறு கதை.

சோங் வம்சத்தின் கையில் வட எல்லையின் பழைய சுவர்ப் பகுதிகள் பெரும்பாலும் இருக்கவேயில்லை. 938இலேயே பதினாறு வட மாவட்டங்கள் கித்தான் மக்களின் லியாவ் அரசுக்குக் கைமாறிவிட்டன. இன்று நாம் படங்களில் காணும் கற்சுவரும் செங்கற்சுவரும் பெரும்பாலும் பின்னால் வந்த மிங் வம்சத்தின் வேலை. சுவர் இல்லாத சோங் அரசு சமாதானத்தை விலைக்கு வாங்கியது: 1005ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பட்டுச் சுருள்களும் ஒரு லட்சம் தாயல் வெள்ளியும் லியாவ் அரசுக்குப் போயின. 1044இல் முடிந்த போர்க்கலை நூலொன்றில் வெடிமருந்துச் சேர்மானங்களை எழுதி வைத்த பெருமையும் இந்த அரசுக்கே உரியது. தலைநகர் முற்றுகையிடப்பட்டபோது வெடிகுண்டுகளும் வீசப்பட்டன. எனினும் 1127இல், லியாவ் அரசை வென்று அதன் இடத்துக்கு வந்த ஜுர்ச்சென்களின் படை, படத்தில் பியன்லியாங் என்று அழைக்கப்படும் அதே கைஃபெங் நகரைக் கைப்பற்றி, ஹுய்சோங்கையும் அவர் மகனான சின்சோங்கையும் சிறைபிடித்து வடக்கே கொண்டு சென்றது. அரண்மனையின் அரும்பொருள்களும் கொள்ளை போயின.

எல்லையில் ஆண்டுதோறும் தீனி போட்டு அடக்கி வைத்த பகை, ஒரு நாள் எல்லையைத் தாண்டித் தலைநகருக்குள் நுழைந்து, பேராசையின் முகம் பொறித்த பாத்திரங்களைச் சேகரித்து வைத்திருந்த அரசனையே விழுங்கிவிட்டது: சரித்திரமே எழுதி வைத்த இந்தக் கதையைவிடச் சிறந்த மிருகக் கதையை எந்தக் கற்பனையாளன் தர முடியும்? மிருகத்தின் பெயர், வம்சம், நகரம், வெடிமருந்து ஆகிய எல்லாமும் படத்தில் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டும் சிந்தனை மாத்திரம் இல்லை. பண்டை அரசனின் பேராசை இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடிக்கப்படுகிறது. அரசவையில் மதிப்புத் தேடிப் பிடிபட்ட மிருகத்தைத் தலைநகருக்குக் கொண்டுபோகும் தூதனின் செயலில் பேராசை மீண்டும் தலைகாட்டுகிறது. அதையும் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. வெடிமருந்துக்காகக் கடல் மலை கடந்து வந்த வில்லியமின் பேராசைதான் இந்த மிருகங்களோடு உண்மையில் மோத வேண்டியது. அவனோ, லின் மே நம்பிக்கையைப் பற்றிச் சொல்லும் ஓர் உபதேசத்தோடு மனம் மாறிவிடுகிறான். மிருகங்களை அடக்குவது அவனுடைய மனமாற்றமன்று, அவன் பையில் தற்செயலாக இருந்த காந்தக் கல். பேராசையின் உருவமாகிய பூதத்தை ஒரு காந்தத்தால் வெல்ல முடிந்துவிட்டால், பிறகு பேராசையைப் பற்றிப் பேச அங்கே என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரன் வந்து சீனரைக் காப்பாற்றுகிறான் என்று 2016இலேயே எழுந்த கண்டனத்தையும் இவ்விடத்தில் கருத வேண்டும். படத்தை முழுதும் பார்த்தவர்கள், அந்தக் கண்டனம் முழு நியாயமானதென்று சொல்ல மாட்டார்கள். ராணியைக் கொல்லும் இறுதித் தாக்குதல் லின் மேயின் கையாலேயே நிகழ்கிறது. இருந்தும் அந்த ஐரோப்பியர் அங்கே இருப்பதற்குக் கதை சார்ந்த அவசியத்தைவிட வியாபார அவசியமே அதிகம் என்பது வெளிப்படை. தயாரித்த லெஜன்டரி நிறுவனத்தைச் சீனாவின் வாண்டா குழுமம் 2016இல் 350 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. இரண்டு மகா தேசங்களின் ரசிகர்களையும் ஒரே படத்தால் திருப்திப்படுத்தலாம் என்பது அந்நாளைய நம்பிக்கை. சீனாவில் சுமார் 17 கோடி டாலரும் அமெரிக்காவில் நாலரைக் கோடி டாலரும் வசூலாகி, உலக முழுமைக்கும் 33 கோடி டாலரைத் தாண்டியும், கொட்டகைக்காரர் பங்கும் விளம்பரச் செலவும் போக அது நஷ்டக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. இரு தேசத்தார்க்கும் பொதுவானதைத் தேடியவர்கள், இரு தேசத்தார்க்கும் எவ்விதச் சங்கடமும் தராததையே கண்டெடுத்தார்கள். சங்கடம் தராத கதையில் மிருகத்துக்கு வேலையில்லை.

மிருகம் பயனின்றிப் போனது 'தி கிரேட் வால்' படத்தின் குறையென்றால், மிருகம் கதையின் உயிரையே பறித்துவிட்டது 2013இல் வந்த '47 ரோனின்' படத்தின் குறை. இதன் மூலம் ஜப்பானியரின் நெஞ்சில் மூன்று நூற்றாண்டுகளாகக் குடிகொண்ட உண்மைச் சம்பவம். 1701இல் எடோ கோட்டையில் அசானோ என்னும் பிரபு, கிரா என்னும் அரசவை அதிகாரியை வாளால் தாக்கினார். கோட்டைக்குள் வாள் உருவிய குற்றத்துக்காக அன்றே தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி விதிக்கப்பட்டார். தலைவனை இழந்த அவருடைய வீரர்கள், ஓயிஷி என்பவர் தலைமையில் காத்திருந்து, ஒரு பனி இரவில் கிராவின் மாளிகையுள் புகுந்து அவர் தலையைக் கொய்து, தங்கள் பிரபுவின் சமாதிக்குக் காணிக்கையாகக் கொண்டுபோனார்கள். எஜமான விசுவாசத்தைப் போற்றும் அரசாங்கம், சட்டத்தை மீறிய விசுவாசத்தை என்ன செய்வது என்று திகைத்தது. ஓக்யு சொராய் போன்ற அறிஞர்கள் அதைப் பற்றி வாதம் புரிந்தார்கள். முடிவில் 1703இல் வீரர்களும் கௌரவமான தற்கொலைக்கு விதிக்கப்பட்டார்கள். தோக்கியோவின் செங்ககுஜி ஆலயத்தில் அவர்கள் சமாதிகள் இன்றும் இருக்கின்றன. 1748இல் ஓசாக்காவில் பொம்மலாட்டமாக அரங்கேறிய நாள் முதல் இக்கதை நூறு உருவங்களை எடுத்திருக்கிறது. மிசோகுச்சி 1941–42இல் இரண்டு பாகமாக எடுத்தபோது, அந்த இரவுத் தாக்குதலைக் காட்டாமலே விட்டு, அது நடந்த செய்தியை மட்டும் கேட்கச் செய்தார்; தர்மசங்கடமே கதையென்றும் கத்திச் சண்டை கதையல்லவென்றும் அவர் உணர்ந்திருந்ததே காரணம்.

கார்ல் ரின்ஷ் இயக்கிய புதிய படமோ, 17 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, ஆரம்பத்தில் பல கண்களுடைய ஒரு காட்டு மிருகத்தையும், நடுவில் காட்டுப் பூதங்களையும், இறுதியில் நாகமாக மாறும் மந்திரக்காரியையும் சேர்த்து, கீயானு ரீவ்ஸுக்காகக் கை என்னும் கலப்பின வீரனையும் புதிதாகச் சிருஷ்டித்தது. இவை எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. அசானோ வாள் உருவியது அந்த மந்திரக்காரி செய்த மாயத்தால் என்று கதையை மாற்றிவிட்டார்கள். அசானோ தம் சினத்தாலேயே வாள் உருவினார் என்பதில்தானே அவருடைய குற்றமும், அக்குற்றத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் பெருமையும், அரசாங்கத்தின் திகைப்பும் அடங்கியிருக்கின்றன? மாயத்தின்மேல் பழியைப் போட்டவுடன் பிரபு குற்றமற்றவராகிறார், கிரா வெறும் கொடியவராகிறார், பழிவாங்கல் தெளிவான நியாயமாகிறது. மூன்று நூற்றாண்டுகளாக ஒரு ஜாதியையே சிந்திக்க வைத்த கேள்வி ஒரு காட்சியில் அழிந்துபோகிறது. ஓயிஷியாக நடித்த ஹிரோயுகி சனாடாவின் முகத்தில் மட்டும் அந்தப் பழைய பாரம் தெரிகிறது. உலக வசூல் செலவைக்கூட எட்டவில்லை.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய 'தி தர்டீன்த் வாரியர்' (1999) பாதி வென்று பாதி தோற்ற படம். 921இல் பாக்தாத் காலிபா அனுப்பிய தூதுக்குழுவோடு வோல்கா நதிக்கரைக்குப் பிரயாணம் செய்து, அங்கே ரூஸ் மக்கள் தங்கள் தலைவனைக் கப்பலில் வைத்து எரித்ததை நேரில் கண்டு எழுதிய இப்னு ஃபத்லான் உண்மையான சரித்திர புருஷர். அவருடைய குறிப்பையும் 'பேயோவுல்ஃப்' கதையையும் இணைத்து மைக்கேல் கிரைட்டன் 1976இல் எழுதிய நாவலை ஜான் மெக்டியர்னன் படமாக்கினார். இருவருக்கும் ஒத்துவராமல் போய், சில பகுதிகள் கிரைட்டனாலேயே மீண்டும் எடுக்கப்பட்டு, முன்பு அமைத்த சங்கீதமும் மாற்றப்பட்டு, காலம் கடந்து வெளிவந்த படம் பெரும் நஷ்டத்தைக் கண்டது. ஆயினும் அதிலே ஒரு காட்சி, இத்துறை முழுவதிலும் நிகரற்றது. வட நாட்டு வீரர்கள் இரவுதோறும் தீயைச் சுற்றி அமர்ந்து தங்கள் பாஷையில் பேசிச் சிரிக்கிறார்கள். அந்நியரான அரபியர் வாய் திறவாமல் அவர்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரவுகள் கழியக் கழிய, புரியாத ஒலிகளின் நடுவே ஒரு சொல், பிறகு இரண்டு சொற்கள் என்று நமக்கும் விளங்கத் தொடங்குகின்றன. கடைசியில் தம் தாயைப் பற்றி ஒருவன் இழிவாகப் பேசியதற்கு அவர் அவர்கள் பாஷையிலேயே பதில் கொடுக்க, கூட்டம் திடுக்கிட்டு மௌனமாகிறது.

வெண்டால் என்னும் பகைவர்களையும் இப்படம் அறிவோடுதான் ஆரம்பித்தது. பனிமூட்டத்தில் மலையிறங்கி வரும் நெருப்பு நாகம், அருகே வந்ததும் தீவட்டி ஏந்திய குதிரை வீரர்களின் வரிசையாக விளங்குகிறது. கரடியென்று நினைத்தது கரடித்தோல் போர்த்த மனிதனாக முடிகிறது. அச்சம் மிருகத்தைப் படைக்கிறது என்னும் அரிய கருத்து இதில் உண்டு. ஆனால் மிருகமென்று நினைத்தவர்கள் மனிதரே என்று தெரிந்தபின், அவர்கள் யார், ஏன் இப்படி ஆனார்கள், அவர்களைக் கொல்வது மிருகத்தைக் கொல்வதைப் போன்றதுதானா என்னும் கேள்விகள் எழுவதற்கு இடமேயில்லாதபடி படம் குகைக்குள்ளும் மழைப்போருக்குள்ளும் ஓடிவிடுகிறது. மற்ற இரண்டு படங்களும் சிந்தியாமல் தோற்றன. இது சிந்தித்ததை முடிக்காமல் தோற்றது.

இவ்வகையில் வெற்றி சாத்தியமேயில்லையோ என்று ஐயுறுவோர்க்கு விடையாக, ஜப்பானிய தாயேய் ஸ்டூடியோ 1966இல் எடுத்த 'தாய்மாஜின்' படத்தைக் காட்டலாம். கொடுங்கோலனான ஒரு தளபதி, குடிகள் வழிபடும் மலைத் தெய்வத்தின் கற்சிலையை உடைக்கும்படி ஆணையிட, சிலையின் நெற்றியில் அறைந்த உளியைச் சுற்றி இரத்தம் கசிகிறது. பின்பு சிலை எழுந்து, கையை முகத்தின் குறுக்கே ஒருமுறை கொண்டுபோக, சாந்தமான கல்முகம் கோபமுகமாக மாறுகிறது. அது நடந்துவந்து, தன் நெற்றியில் அறைந்த அதே உளியால் கொடுங்கோலனைக் கொல்கிறது. இத்தோடு நிறுத்தியிருந்தால் சாதாரணப் பழிக்கதையாகியிருக்கும். தெய்வம் நிற்கவில்லை, நல்லவர் தீயவர் என்னும் பேதமின்றி அதே காலால் ஊரை மிதிக்கிறது, ஒரு பெண்ணின் கண்ணீர் அதன் காலில் விழுந்த பிறகே அடங்குகிறது. நியாயம் வேண்டி அழைத்த சக்தி, அழைத்தவர்களையும் கேளாமல் மிதிக்கும் என்னும் பயங்கர உண்மையை, உள்ளே மனிதன் நின்று நடந்த ஓர் உருவத்தைக் கொண்டு அந்தச் சிறிய படம் சொல்லிவிட்டது.

அதைவிடவும் உயர்ந்து நிற்பது ஹயாவோ மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே' (1997). முரோமாச்சி காலத்து ஜப்பானில், ஒதுங்கிய எமிஷி கிராமமொன்றை, உடலெங்கும் புழுக்கள்போல் நெளியும் சாபம் சூழ்ந்த ஒரு பெரும் பன்றி தாக்க வருகிறது. இளைஞன் அஷிடாகா அதை அம்பெய்து கொல்கிறான். அதன் சாபம் அவன் கையில் பற்றிக்கொள்கிறது. இறந்த பன்றியின் உடலிலிருந்து எடுத்த ஓர் இரும்புக் குண்டைக் கிராமத்து முதியவள் அவன் முன் வைக்கிறாள். அந்தச் சிறு குண்டு ஒன்றுதான் கதை முழுவதையும் நடத்துகிறது. அது எங்கே வார்க்கப்பட்டது என்று தேடி மேற்கே போகும் அவன், காட்டை அழித்து இரும்பு உருக்கும் ஒரு நகரத்தைக் காண்கிறான். அந்த நகரத்தின் தலைவி எபோஷியோ, விலைமாதர் விடுதிகளில் அடிமைப்பட்டிருந்த பெண்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் வாழ்வளித்தவள். பன்றியைப் பூதமாக்கிய குண்டு, ஆதரவற்றவர்களுக்குச் சோறு போட்ட உலையிலிருந்தே வந்தது. இங்கே மிருகத்தைக் கொல்வதால் எதுவும் தீரவில்லை, கொன்றதிலிருந்துதான் கதை ஆரம்பமாகிறது. காடு போய் இரும்பு வந்த காலத்தின் பாவமும் அவசியமும் அந்த மிருகத்தின் உடலுக்குள் சேர்ந்தே கிடந்தன.

கொரியரும் இப்பாதையில் முயன்றிருக்கிறார்கள். ஜோசொன் அரச குறிப்பேடுகளில், 1527இல் அரண்மனையில் தோன்றியதாகச் சொல்லப்பட்ட விசித்திர மிருகம் பற்றிய செய்தியை ஆதாரமாகக் கொண்ட 'மான்ஸ்ட்ரம்' (2018), மிருகம் வதந்தியா, அரசனை வீழ்த்த மந்திரிகள் கட்டிய கதையா என்று கேட்கும் வரை சிறப்பாகவும், மிருகம் நேரில் வந்தபின் சாதாரணமாகவும் இருக்கிறது. 2019இல் வந்த 'கிங்டம்' தொடரில் மிருகமாக மாறுவோர் குடிமக்களே: பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள், தங்கள் கிண்ணத்தில் இருப்பது மனித மாமிசம் என்றறியாமல் உண்டதால் நோய் பரவுகிறது, அதன் மூலமோ, இறந்த அரசனை அதிகார ஆசையால் உயிரோடிருப்பவன்போல் எழுப்பி வைத்த மந்திரியின் சூழ்ச்சி. மேலே இருப்பவரின் ஆசையும் கீழே இருப்பவரின் பசியும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் அங்கே மிருகம் பிறக்கிறது.

தோற்ற படங்களையும் வென்ற படங்களையும் சீர்தூக்கினால், வேறுபாடு பணத்திலோ யந்திர சாமர்த்தியத்திலோ இல்லையென்பது விளங்கும். ஜாங் யிமோவின் திறமை குன்றிவிட்டதென்று சொல்லவும் இடமில்லை. இரண்டே ஆண்டுகளில் அவர் எடுத்த 'ஷேடோ' (2018), மை ஓவியம் போன்ற கறுப்பு வெள்ளைச் சாயலில், ஒரு தளபதியும் அவனுக்குப் பதிலாக அரசவையில் நிற்கும் போலி மனிதனும் ஒருவரையொருவர் விழுங்கும் கதையைச் சொல்லி, பூதம் ஒன்றுமின்றியே நம்மை நடுங்க வைத்தது. ஆகவே கலைஞனிடம் இல்லாமற்போனதன்று, அவனிடம் கேட்கப்படாமற்போனதே குறை. எந்த ஊரிலும் எவர் மனத்தையும் உறுத்தாமல் விற்பனையாக வேண்டிய சரக்காகச் சரித்திரப் படத்தைக் கருதும் ஸ்தாபனங்கள், ஒரு தேசம் தன்னைப் பற்றி வெட்கப்படும் இடத்தைத் தொடத் துணிவதில்லை. ஆனால் மிருகங்கள் வாழ்வது அந்த இடத்தில்தான்.

இத்துறையில் இனி எழுதவும் படமெடுக்கவும் முற்படுவோர், மிருகத்தின் பல்லையும் நகத்தையும் வரையத் தொடங்குமுன், தாங்கள் எடுத்துக்கொண்ட காலத்தின் நூல்களையும் கணக்கேடுகளையும் தீர்ப்புகளையும் பொறுமையோடு படிக்க வேண்டும். அந்தக் காலத்து மக்கள் எதற்காகப் பட்டும் வெள்ளியும் கொடுத்து மௌனமாயிருந்தார்கள், எந்தத் தீர்ப்பின்முன் திகைத்து நின்றார்கள், யாருடைய பசியைக் கண்டும் காணாதிருந்தார்கள் என்று தேட வேண்டும். அவ்வாறு தேடுகிறவனுக்கு மிருகத்தைக் கற்பிக்கும் சிரமமே இராது. அது அந்த ஏடுகளிலேயே அவனுக்காகக் காத்திருக்கும். வீரனின் வாள் அப்பொழுதுதான் காற்றை வெட்டாமல், வெட்ட வேண்டியதை வெட்டும். ரசிகர்களாகிய நாமும், வெறும் பிரம்மாண்டத்தைக் கண்டு கைதட்டுவதை நிறுத்தி, இந்த மிருகம் யாருடைய பாவத்தில் பிறந்தது என்று கேட்கப் பழகினால், இத்தகைய ஏமாற்றங்களைத் தயாரிப்போர் அந்தக் கேள்விக்கு விடை தேடியே தீரவேண்டியிருக்கும்.